ஆவடியில் ஓடாத ரீல்

1

1991 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு எழுந்தேன். ஹீட்டரைப் போட்டுவிட்டு, வீடு சூடாகும் வரை வாரத்துக்கு வேண்டிய ஐந்து சட்டைகளையும் இஸ்திரி போட்டு முடித்தேன். பின்பக்கம் உதிர்ந்து கிடந்த இலைகளை வாரிப் பையில் கட்டினேன். மகள் கவிதாவை நீச்சல் வகுப்பில் விட்டு அழைத்து வந்தேன். மாலதி டப்பாவில் வரும் முருங்கைக்காயைப் போட்டுச் சாம்பார் வைத்தாள். டப்பா முருங்கைக்காயில் முருங்கைக்காய் தவிர எல்லாம் இருக்கும் என்று நான் சொன்னேன். எல்லா ஞாயிறும் சொல்வதுதான். அவளும் எல்லா ஞாயிறும் போலக் காதில் வாங்கவில்லை.

ஒரு மணிக்குப் பிறகுதான் இன்றைய நாள் மாறியது. தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஆவடியில் மாலை. அங்கே என் தங்கை வசந்தாவின் குவார்ட்டர்ஸ் வீட்டில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, அவளுடைய மாமியாருக்கு ஒரு திரைப்படத்தை இரண்டாவது தடவையாகப் போட்டுக் காட்டியிருப்பார்கள். படம் முடிந்ததும் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு எல்லோரும் வருவதாக ஏற்பாடு.

என் தங்கை மறுமணம் செய்துகொள்வாளா மாட்டாளா என்பது அந்த அம்மாள் படத்தைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்பதில் இருந்தது. ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

2

வசந்தாவின் கணவர் கருணாகரன் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. வாரிசு வேலையாக வசந்தாவை அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் எடுத்தார்கள். குவார்ட்டர்ஸ் அவள் பெயருக்கு மாறியது. அந்த வீட்டில் இரண்டு பேர்: அவளும், கருணாகரனின் அம்மா கன்னியம்மாளும். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

அத்தை திருமழிசைக்காரர். நிலத்தை நம்பியிருந்த குடும்பம். பிறகு நிலமும் போய், இருந்த ஒரே மகனும் போன பின், காட்டுப்பாக்கத்தில் இருக்கும் மகள் சரோஜாவின் வீட்டுக்குப் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. மருமகளுடனேயே இருந்துவிட்டார். வசந்தாவுக்குக் காலை ஷிப்டு என்றால் விடிவதற்குள் டிபன் கட்டிவிடுவார். அவருக்கு ஒரே ஒரு செலவு உண்டு: சினிமா. ஆவடிக்கு வந்த எந்தப் படத்தையும் அவர் விட்டதில்லை. நல்ல படம் என்றால் இரண்டு முறை பார்ப்பார். மோசமான படம் என்றால் ஒரு வாரம் திட்டுவார்.

தேவராஜ் அதே தொழிற்சாலையில் கிரேன் இயக்குபவர். நாற்பது தாண்டியவர். மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடித்தபோது அவருடைய கல்யாண வயது போய்விட்டிருந்தது. கேன்டீனில் வைத்து வசந்தாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். வசந்தா அன்று மாலையே அதை அத்தையிடம் சொன்னாள். அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஊர்ல இன்னா பேசுவாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கடிதம் வந்த அன்றே சம்மதம் என்று பதில் எழுதினேன். மறுமணம் செய்தால் வாரிசு வேலை போய்விடும் என்று குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு இருந்தது. வசந்தா அலுவலகத்தில் கேட்டு, போகாது என்று எழுத்திலேயே வாங்கிவிட்டாள். மிச்சம் இருந்த தடை ஒன்றுதான். அத்தை வாயால் சரி என்று சொல்லாமல் அவள் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள். இதை அவள் யாருக்கும் பயந்து சொல்லவில்லை. ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள்.

3

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆவடியிலிருந்து ஒரு ஒலிநாடா வரும். டேப் ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து ஒவ்வொருவராகப் பேசி அனுப்புவார்கள். எழுதுவதைவிட அத்தைக்கு அது வசதி. செப்டம்பரில் வந்த நாடாவில் குடும்பச் செய்தியே இல்லை. முழுவதும் ஒரு படத்தைப் பற்றிய சண்டை.

படத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குக் கதை போதும். கணவனை இழந்த ஒரு பெண். மாமியாரோடு இருக்கிறாள், மில் ஒன்றில் வேலை. அங்கே அவளை விரும்பும் ஒரு டைப்பிஸ்ட். மாமியார் சுவரில் மாட்டிய மகன் படத்தோடு தினமும் சண்டை போடுவாள். அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு காட்டி, சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைக்க வைக்கும் படம்.

நாடாவில் முதலில் அத்தை. "ஓடுதா? சேப்பு லைட்டு எரியுது. தம்பி, நல்லா கீறியா? இங்க ஒரு படம் வந்துகீதுப்பா. புருசன் செத்தவ கதைதான். ஆனா இன்னா கௌரவமா எடுத்துகீறான் தெரியுமா? ஒருத்தன் பின்னாலயே சுத்திகினு கீறான். இவ மாமியார உட்டுப் போவவே இல்ல. கடைசில ரெண்டு பொம்பளயும் ஜாலியா மலைக்கு டூர் போறாங்கோ. அவன் பொட்டி தூக்கினு பின்னால வர்றான்!"

உடனே சரோஜாவின் குரல். "இன்னாமா ஒளர்ற? அவ அவனத்தான் கட்டிக்கினா. நீ தூங்கிட்டியா?"

"யார்டி தூங்கனது? கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திகினு பாத்தேன்."

"அண்ணே, நான் பூந்தமல்லில பாத்தேன். மாமியாக்காரியே தட்டு தூக்கினு போயி மருமவளுக்கு மாப்ள பாக்கறா. இதெல்லாம் ஒரு படமா? பக்கத்துல என் மாமியார் வேற. மானம் போச்சு. எயுந்து வந்துடலாம்னு கூட நெனச்சேன்."

"வந்தியா?" என்றார் அத்தை.

"இன்னொரு ஆள் கால மிதிச்சிகினு எப்டி வர்றது?"

பக்கத்து வீட்டுச் சங்கரபாண்டி அண்ணாச்சி இடையில் புகுந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தத் தொழிற்சாலைக்கு வந்தவர். "மதினி சொல்லுததுதான் சரி. நானும் அன்னைக்கு ஆவடி தேட்டர்ல கூட இருந்தேம்லா. கல்யாணம் ஒண்ணும் நடக்கல. ஆனாலும் வீட்டுப் பொம்பளையளோட பாக்கக்கூடிய படம் இல்ல பாத்துக்கிடுங்க. எம் பொண்டாட்டி கெக்கெக்கேன்னு சிரிக்கா. எனக்கு எந்தப் பக்கம் திரும்புததுன்னே தெரியல."

"கேட்டியா தம்பி? படத்துலயே மாமியார உட்டுட்டுப் போவல. அவ்ளோதான் நான் சொல்லுவேன்" என்று அத்தை முடித்தார். அந்தக் கடைசி வாக்கியம் படத்தைப் பற்றியது அல்ல என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். டம்ளர்கள் எடுக்கும் ஓசை கேட்டது. பிறகு வசந்தா, "அண்ணா, நாடா முடியப் போகுது" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அறுபது நிமிடத்தில் அவள் பேசியது அவ்வளவுதான்.

நான் நாடாவைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேட்டேன். ஒரு படம் நல்லதா, மோசமா என்பதில் தாயும் மகளும் மாறுபடலாம். அதில் ஒரு கல்யாணம் நடந்ததா இல்லையா என்பதில் எப்படி மாறுபட முடியும்?

4

ஹை ஸ்ட்ரீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் வீடியோ வாடகைக்குக் கொடுக்கிறார். படத்தின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"உந்தப் படமோ அண்ணை? பாதிச் சனம் நல்லதெண்டுது. மற்றச் சனம் என்னோட சண்டைக்கு வருகுது. போன கிழமை ஒரு அம்மா கசெற்றைக் கொண்டுவந்து மேசையில எறிஞ்சுபோட்டுப் போனவ. பின்னேரம் அவவின்ர மகள் வந்து அதையே திரும்ப எடுத்துக்கொண்டு போட்டா."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். சரோஜா சொன்னது சரி. கடைசிக்கு முந்திய பகுதியில் மாமியார் மகன் படத்தைப் பார்த்து, "நீ பாட்டுக்குப் போயிட்டே, அவ என்ன பண்ணுவா" என்று சத்தம் போட்டு அழுகிறாள். மறுநாள் பழத்தட்டோடு டைப்பிஸ்டின் வீட்டுக்குப் போய், பாடத் தெரியுமா, நடந்து காட்டு, ரசம் வைப்பாயா என்று அவனைப் பெண் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். கல்யாணமும் நடக்கிறது. கடைசிப் பகுதியில் மூவரும் மலைக்குப் பேருந்தில் போகிறார்கள். பெண்கள் இருவரும் ஒரு இருக்கையில். அவன் பின்னால் பெட்டிகளோடு. குளிருக்கு அவள் சால்வை போர்த்தியிருக்கிறாள். தாலி தெரியவில்லை. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முந்திய பகுதியைப் பார்க்காத ஒருவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? அத்தை புரிந்துகொண்டது போலத்தான்.

எங்கள் வீட்டிலும் கருத்து ஒன்றாக இல்லை. மாலதிக்குப் படம் பிடிக்கவில்லை. "இதைக் காமெடியா எடுத்ததே தப்பு. சிரிச்சுச் சிரிச்சு அவ பட்ட கஷ்டத்தைத் தாண்டிப் போயிட்டாங்க" என்றாள். சிரிக்காமல் எடுத்திருந்தால் அத்தை போன்றவர்கள் தியேட்டர் பக்கமே போயிருக்க மாட்டார்கள் என்றேன். இன்று வரை இருவரும் இடம் மாறவில்லை.

கவிதாவுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இதுதான் எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். பெரியவர்களைப் பற்றி அவள் தமிழில் பேசத் தொடங்கினால் மரியாதை நடுவழியில் கழன்றுவிடும். அன்று அவள் தமிழில் பேசினாள்.

"அப்பா, எல்லாரும் அந்த மாமியார்கிட்டயே கேக்குறாங்க. அந்த லேடிக்கு வேணுமா வேணாமான்னு ஒருத்தன்கூட கேக்கலையே?"

மாலதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளியில் எந்த நாட்டுப் பிள்ளைகளோடு பழகி இவள் இப்படி ஆகிறாள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த பெண் இவள்.

5

அடுத்த ஞாயிறு எஸ்.டி.டி. பூத்துக்கு வசந்தாவை வரச் சொல்லிப் பேசினேன். நான் பார்த்த படத்தில் கல்யாணம் நடக்கிறது என்று சொன்னதும் அவள், "ஐயோ" என்றாள். பிறகு வேறு ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணா, அந்த டிக்கெட்டை எல்லாம் வாங்கிக் கொடுத்ததே அவர்தான்."

தேவராஜ் முதல் வாரமே பூந்தமல்லியில் படத்தைப் பார்த்திருக்கிறார். தன் வாயால் சொல்ல முடியாததை இந்தப் படம் சொல்லிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆவடிக்கு வந்ததும் அண்ணாச்சியின் மனைவி மூலமாக அத்தைக்கும் அந்த வரிசை வீட்டுக்காரர்களுக்கும் மாலைக் காட்சிக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறார். அத்தை போனார். வந்தார். மருமகள் மாமியாரை விட்டுப் போகக் கூடாது என்ற பாடத்தோடு வந்தார். எங்கே தவறியது என்று தேவராஜுக்கும் வசந்தாவுக்கும் புரியவில்லை. படம் பார்த்தும் மனம் மாறாதவர் இனி எதற்கும் மாறமாட்டார் என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள்.

"ஆவடியில் அந்தக் கல்யாணப் பகுதியை ஓட்டினார்களா என்று அவரை விசாரிக்கச் சொல்" என்றேன்.

விசாரித்ததில் தெரிந்தது இது. பூந்தமல்லி, ஆவடி இரண்டு தியேட்டருக்கும் ஒரே பிரிண்ட். பூந்தமல்லியில் ஓடி முடிந்த ரீல் பெட்டிகள் மொபெட்டில் ஆவடிக்கு வரும். அன்று ஒரு பெட்டி வழியில் தங்கிவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். தாமதமான பெட்டியும் கடைசிப் பெட்டியும் சேர்ந்தே வந்தன. கூட்டத்தில் பாதிப் பேர் இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலை கேட்டுக்குள் நிற்க வேண்டும். ஆபரேட்டர் கடைசிப் பெட்டியை மட்டும் ஓட்டி வணக்கம் போட்டுவிட்டார். கொஞ்சம் விசில் அடித்தார்கள். பிறகு ஷிப்டுக்கு ஓடினார்கள். இப்போதெல்லாம் படத்தை இப்படித்தான் எடுக்கிறார்கள் என்று அத்தை நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறு தொலைபேசியில் வசந்தா இதைச் சொல்லி முடித்தபோது நான் கவிதாவின் கேள்வியைக் கேட்டேன். "வசந்தா, அத்தை ஒரு பக்கம் இருக்கட்டும். உனக்கு வேணுமா?"

வசந்தா மெதுவாக, "வேணும் அண்ணா" என்றாள். "பயமாவும் இருக்கு. ஆனா வேணும்."

"அப்படியென்றால் முழுப் படத்தையும் அத்தைக்குக் காட்டு. டிக்கெட் வாங்கியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்."

"திட்டம் போட்டு என்னை ஏமாத்தினீங்களான்னு கேப்பாங்க."

"கேட்கட்டும். ஆமாம் என்று சொல்."

யாழ்ப்பாணத்து நண்பர் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். பார்சல் அனுப்பினேன். அதை வாங்கப் போன சுங்க அலுவலகத்தில், உள்ளே என்ன படம் என்று கேட்டிருக்கிறார்கள். வசந்தா படத்தின் பெயரைச் சொன்னதும் கவுண்டரில் இருந்தவர், அருமையான படம் என்றாராம். பக்கத்து மேசைக்காரர், குடும்பத்தைக் கெடுக்கிற படம் என்றாராம். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொள்ள, அவர்கள் வாதாடி ஓய்ந்த பிறகுதான் இவள் கையெழுத்துப் போட முடிந்தது.

6

இன்றைய அழைப்புக்கு வருகிறேன். நான் பூத் எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்ததும் பூத்துக்காரர் எடுத்து, "சார், எல்லாரும் வந்து நின்னுகினு கீறாங்க. மொதல்ல பெரியம்மா பேசணுமாம்" என்றார்.

லண்டன் தூரம் என்பதால் அத்தை எப்போதும் கத்தித்தான் பேசுவார். "தம்பி! பாத்துட்டேன். முயுசா பாத்துட்டேன்."

"எப்படி இருக்கு அத்தை?"

"முக்காவாசி வரிக்கும் நல்லா கீது. அந்தப் போட்டோ கிட்ட அயுவறா பாரு, அங்க என்னாலயே தாங்க முடியல. அதுக்கு அப்பாலதான் கெட்டுப் போச்சு. அந்த மாமியாக்காரிக்கு அறிவே கெடையாது."

மாலதி சமையலறைக் கதவில் வந்து நின்றாள். நான் எழுந்து நின்றேன். "ஏன் அத்தை?"

"தட்டு தூக்கினு இவ அவன் ஊட்டுக்குப் போறாளே, இன்னாத்துக்குப் போவணும்? ஊடு யாரு பேர்ல கீது? மருமவ பேர்ல. சம்பாரிக்கறது யாரு? மருமவ. அவன் இல்ல வரணும்? வாசல்ல நின்னு, இந்த மாதிரி விசயம்னு அவன் கேக்கணும். இவ சேர்ல உக்காந்துகினு பதில் சொல்லணும். அத உட்டுட்டு ஒரு பொம்பள பல்ல இளிச்சிகினு போயி நிப்பாளா?"

மாலதிக்கும் கேட்கும்படி ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"அந்த தேவராஜும் அப்டித்தான். எனக்குத் தெரியாம டிக்கெட்டு வாங்கிப் படம் காட்டறான். வாயில இன்னா கொயுக்கட்டையா? நேரா வந்து கேட்டா நான் கடிச்சா துன்னுடுவேன்?"

பின்னால் வசந்தாவின் சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்போ அவரை வரச் சொல்லலாமா அத்தை?"

"நீ இன்னா சொல்றது, நான் சொல்லி அனுப்பிட்டேன். வர்ற ஞாயித்துக்கெயம வர்றான். ஆனா ஒண்ணு தம்பி. கடைசில மூணு பேரும் பஸ்ல போறாங்கோ. போயிட்டு வந்து யாரு ஊட்ல இருக்கப் போறாங்கோன்னு அந்த டைரக்டரு காட்டவே இல்ல. நம்மளால அப்டி உட முடியாது. அவன் இங்க வந்து இருக்கட்டும். நான் எங்கியும் போவ மாட்டேன். சரோஜா ஊட்டுக்கும் போவ மாட்டேன்."

"உன்ன யாரு கூப்ட்டா?" என்று சரோஜா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். படம் மோசம் என்ற தன் கருத்தை அவள் மாற்றிக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் டெக் வாடகைக்குப் பேசி எடுத்து வந்தது அவள்தான்.

"நல்ல முடிவு அத்தை" என்றேன்.

"முடிவு இன்னா முடிவு. ஊர்ல பேசத்தான் போறாங்கோ. பூந்தமல்லில ஒரு மாதிரி பேசுவான், ஆவடில ஒரு மாதிரி பேசுவான். ஒரு படத்துக்கே இவ்ளோ பேசறானுங்கோ. தை மாசம் வச்சிக்கலாம். அண்ணங்காரன் நீ வரணும். லீவு குடுக்க மாட்டான், அது இதுன்னு சாக்கு சொன்னே, அப்பறம் பேச மாட்டேன்." பேசி முடித்ததற்கு அடையாளமாக ரிசீவரை வசந்தாவின் கையில் திணித்துவிட்டார்.

வசந்தா, "அண்ணா" என்றாள். பூத்துக்காரர் யாரிடமோ, தள்ளி நில்லுங்கள், அம்மா பேசட்டும் என்று சொல்வது கேட்டது. அந்த நிமிடத்தை அப்படியே ஓடவிட்டோம்.

மாடியிலிருந்து இறங்கி வந்த கவிதா, என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வசந்தா அத்தைக்குக் கல்யாணம் என்று தமிழில் சொன்னேன். அந்தப் பாட்டி சரின்னு சொன்னதாலயா, இல்ல அத்தைக்கே வேணும்கிறதாலயா என்று தமிழிலேயே கேட்டாள்.

"இரண்டும்" என்றேன்.

7

நவம்பர் 18, திங்கட்கிழமை. நான் வேலை செய்யும் பட்டறைக்குள் நுழைந்ததும், கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஃபோர்மேன் அறைக் கதவைத் தட்டினேன். ஜனவரிக் கடைசியில் மூன்று வாரம் விடுப்பு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். தங்கைக்குக் கல்யாணம் என்றேன்.